ஒயின் வற்றிய பிறகு என்ன மிஞ்சும்?

அடுப்பில் வைத்த ஒயினிலிருந்து முதலில் கிளம்பிப் போவது அதன் மணம். ஆல்கஹால் அதன் பின்னால் மெதுவாகப் போகும். தண்ணீர் கடைசிவரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். புளிப்பும் இனிப்பும் துவர்ப்பும் போகாது. பாத்திரத்திலேயே தங்கி, வற்ற வற்றக் கெட்டிப்படும். சமையலுக்கு எந்த ஒயின் வாங்குவது என்ற கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. விலையுயர்ந்த புட்டிக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அதன் மணத்துக்கும் நுட்பத்துக்கும் கொடுக்கும் காசு. பத்து நிமிடக் கொதியில் அது சமையலறை ஜன்னல் வழியே போய்விடும்.

'குடிக்க முடியாத ஒயினைச் சமையலில் ஊற்றாதே' என்று எல்லாச் சமையல் குறிப்பிலும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. காடியாகிப்போன ஒயின், அதிக இனிப்பான ஒயின், உப்புப் போட்டு 'குக்கிங் ஒயின்' என்று விற்கப்படும் சரக்கு ஆகியவை வேண்டாம் என்பது சரி. வற்றும்போது அவற்றின் குறையும் சேர்ந்தே கெட்டிப்படும். ஆனால் மணம் குறைந்த, எளிய, விலை மலிந்த ஒயினில் ஒரு குற்றமும் இல்லை. குடிக்கச் சுமாராக இருப்பதே சட்டியில் நன்றாக வேலை செய்யும்.

கணக்கைப் பாருங்கள். சராசரி ஒயினில் லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் வரை அமிலம் இருக்கும். 6 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு புட்டியில், அதாவது 750 மி.லி.யில், நாலரை கிராம். அதை 250 மி.லி.க்கு வற்ற வைத்தால் அதே நாலரை கிராம் மூன்றில் ஒரு பங்கு நீரில் நிற்கும், அதாவது லிட்டருக்கு 18 கிராம். நாக்கு சுருங்கும் புளிப்பு அது. இந்த அமிலத்தில் பெரும்பங்கு டார்டாரிக் அமிலம். நம் புளியின் புளிப்புக்கும் முக்கியக் காரணம் அதே அமிலம்தான். கொழுப்பான கறிக்கு ஒயின் செய்யும் வேலையும் மீன் குழம்பில் புளி செய்யும் வேலையும் வேதியியலில் நெருங்கிய உறவு.

அதனால் பாத்திர விதியும் ஒன்றே. பூச்சு இல்லாத அலுமினியச் சட்டியிலும், நன்கு பழக்காத இரும்புச் சட்டியிலும் ஒயினை வற்ற வைக்கக் கூடாது. அமிலம் உலோகத்தை அரித்துச் சாஸில் இரும்பு வாடை ஏறும், வெள்ளை சாஸ் சாம்பல் நிறமாகும். எவர்சில்வர், எனாமல் பூசிய வார்ப்பிரும்பு, மண்சட்டி மூன்றும் நல்லவை.

இனிப்புக்கும் இதே பெருக்கல்தான். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை உள்ள ஒயின் குடிக்கும்போது இலேசான இனிப்பாகத்தான் தெரியும். மூன்றில் ஒன்றாக வற்றினால் 90 கிராம், கறியில் ஜாம் கரைத்தது போல ஆகிவிடும். ஆகவே சமையலுக்கு 'டிரை', அதாவது இனிப்பில்லாதது, என்று லேபிளில் இருப்பதை வாங்குங்கள். சிசிலித் தீவின் மார்சலா ஒயினில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். 'செக்கோ' என்றால் லிட்டருக்கு 40 கிராமுக்குள் சர்க்கரை, 'டோல்சே' என்றால் 100 கிராமுக்கு மேல். கோழிக்கு செக்கோ, முட்டை மஞ்சள்கருவை அடித்துச் செய்யும் சபாயோனேவுக்கு டோல்சே.

துவர்ப்புதான் இன்னும் பெரிய வம்பு. கபர்னே சோவினியோன் போன்ற தடித்த தோல் திராட்சையின் சிவப்பு ஒயினில் துவர்ப்பைத் தரும் டானின் அதிகம். நீண்ட நேரம் வேகும் கறியில் புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும், தப்பிக்கலாம். கறியே இல்லாமல் வெறும் ஒயினை வற்ற வைத்துச் செய்யும் சாஸில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, வாய் உலர்ந்து போகும். ஓக் பீப்பாயில் நெடுநாள் கிடந்த ஷார்டனேயும் வற்றினால் மரக் கசப்புத் தட்டும். வெள்ளையில் சோவினியோன் பிளாங்க், மஸ்கடே, பினோ கிரிஜோவும், சிவப்பில் பினோ நுவார், கமே, மெர்லோவும் ஆபத்தில்லாதவை.

இனி ஆல்கஹால். 'கொதித்தால் எல்லாம் போய்விடும்' என்பது வசதியான பொய். தனி ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒயினில் அது தண்ணீரோடு பின்னிக் கிடக்கிறது, கலவை ஏறத்தாழ 91 டிகிரியில்தான் கொதிக்கத் தொடங்கும், இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கொதிக்கும் சாஸில் ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் அப்படியே இருக்கும். தீ மூட்டி எரியவிட்டாலும் 75 சதவீதம் மிஞ்சும், அந்த நீல ஜுவாலை விருந்தாளிக்கான வேடிக்கைதான். 15 நிமிடம் வெந்தால் 40, ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5 சதவீதம். அகலமான, மூடாத சட்டியில் வேகமாகக் குறையும், மூடினால் மெதுவாக. சமய நோன்பாலோ மருந்தாலோ குழந்தைக்காகவோ ஆல்கஹாலே கூடாது என்றால் ஒயினே ஊற்றாமல் இருப்பதுதான் ஒரே வழி. காய்கறி வேகவைத்த நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் புளிப்பு வேலை நடந்துவிடும்.

சுவைக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒயினை முதலில் ஊற்றி வற்றவிட வேண்டும், இறக்கும் நேரத்தில் ஊற்றக் கூடாது. கடைசியில் ஊற்றிய ஒயின் மூக்கில் ஏறும் பச்சை நெடியோடு நிற்கும். கூடுதல் ஆல்கஹால் சேர்த்துச் செறிவூட்டிய ஒயின்களான மடெய்ரா, ஷெர்ரி மட்டும் விலக்கு. அவற்றை ஒரு மேசைக்கரண்டி அளவில் கடைசியில் சேர்க்கலாம்.

இவ்வளவையும் ஒரே சட்டியில் பார்க்க வேண்டுமானால் பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் மாட்டுக்கறிக் குழம்பான பஃப் புர்கிஞ்ஞோன்தான் சரியான இடம். நான்கைந்து பேருக்கு: தோள்பட்டைக் கறி 1 கிலோ, 5 செ.மீ. துண்டுகளாக. பினோ நுவார் ஒரு புட்டி. அசல் பர்கண்டி விலை தலை சுற்றும், பக்கத்துப் போஜோலேயின் கமே போதும். உப்பிட்ட பன்றிக்கொழுப்பு அல்லது பேக்கன் 150 கிராம், பெரிய வெங்காயம் 1, காரட் 2, பூண்டு 3 பல், தக்காளி பேஸ்ட் 1 மேசைக்கரண்டி, மைதா 2 மேசைக்கரண்டி, உப்பில்லாத எலும்புச் சாறு 300 மி.லி., தைம், பே இலை, பார்ஸ்லித் தண்டு. நம் பிரிஞ்சி இலையை இங்கே போடாதீர்கள். அது பட்டை இனம், குழம்பு பிரியாணி வாசம் அடிக்கும்.

ஒயினைத் தனிச் சட்டியில் பாதியாகும்வரை முதலில் வற்ற வையுங்கள், சுமார் 15 நிமிடம் ஆகும். கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, பேக்கன் உருகிய கொழுப்பில் நான்கு தவணையாக வறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சட்டி சூடு இறங்கி, கறி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். அடியில் படியும் பழுப்புதான் குழம்பின் ருசி. அது கருத்துக் காந்தலாகிவிட்டால் பரிதாபப்படாமல் சட்டியைக் கழுவுங்கள், எத்தனை ஒயின் ஊற்றினாலும் அந்தக் கசப்பு போகாது. கறியை எடுத்துவிட்டு வெங்காயமும் காரட்டும் நன்கு மெத்தென்று ஆகும்வரை வதக்குங்கள். இதைத் தள்ளிப் போடக் கூடாது. அமிலம் பட்டபின் காய்கறியின் செல்சுவர் இறுகிவிடும், மூன்று மணி நேரம் கொதித்தாலும் வெங்காயம் நறுக்கென்று நிற்கும். உருளைக்கிழங்கையும் அவரை வகைகளையும் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேர்ப்பது இதனால்தான்.

பேஸ்ட்டும் மைதாவும் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டி, வற்றிய ஒயினை ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். சாறு, கறி, பூண்டு, இலைகள் சேர்த்து மூடி, 150 டிகிரி அவனில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அடுப்பிலேயே என்றால் ஒன்றிரண்டு குமிழி எழும் சிறு தீ. தசையைக் கட்டியிருக்கும் கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகும். தளதளவென்று கொதித்தால் அது கரைவதற்குள் தசைநார் தன் சாறு முழுதையும் பிழிந்து தள்ளிவிடும், குழம்புக்கு நடுவில் இருக்கும் கறி வறண்டு போகும். சின்ன வெங்காயம் 20, காளான் 200 கிராம் இரண்டையும் வெண்ணெயில் தனித்தனியே பொன்னிறமாக வதக்கிக் கடைசி 15 நிமிடத்தில் சேருங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள். பேக்கன் உப்பும் வற்றிய சாறும் சேர்ந்து கணக்கைக் கெடுத்திருக்கும்.

கறியை இரவு முழுக்கப் பச்சை ஒயினில் ஊறவைக்கும் வழக்கம் பர்கண்டியிலும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒயின் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே இறங்காது. மேற்பரப்பு நனைந்து ஊறிக் கிடப்பதால் சரியாக வறுபடவும் செய்யாது.

முடிவில் குழம்பு புளித்தால் ஒரு துண்டு வெண்ணெய், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, இரண்டில் ஒன்று போதும். சமையல் சோடா போட்டு அமிலத்தை முறிக்க மட்டும் நினைக்காதீர்கள். சிவப்பு ஒயினின் நிறமி காரத்தன்மையில் நீலச் சாம்பலாக மாறும், தட்டில் வைக்கவே கூசும்.

அடுத்தது நாந்த் நகரப் பக்கத்து வெண்ணெய் சாஸ், பர் பிளாங்க். லுவார் ஆற்று மீனுக்குத் தொட்டுக்கொள்வது. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 60 கிராம், மஸ்கடே 120 மி.லி., வெள்ளை ஒயின் வினிகர் 60 மி.லி. மூன்றையும் சிறு சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நீர் மிஞ்சும்வரை வற்ற வைத்து, தீயைக் குறைத்து, குளிர்ந்த உப்பில்லா வெண்ணெய் 200 கிராமை இரண்டு செ.மீ. துண்டுகளாக, மூன்று நான்காகப் போட்டுக் கம்பிக் கரண்டியால் விடாமல் அடிக்க வேண்டும். முந்தையது முக்கால்வாசி கரைந்ததும் அடுத்தது. சூடு 58 டிகிரியைத் தாண்டக் கூடாது. விரல் வைத்தால் சுட வேண்டும், ஆனால் பட்டென்று எடுக்கத் தோன்றக் கூடாது. தாண்டினால் ஓரத்தில் எண்ணெய் பிரியும். அந்த முதல் கோட்டைப் பார்த்ததுமே அடுப்பிலிருந்து இறக்கி ஒரு குளிர்ந்த வெண்ணெய்த் துண்டைப் போட்டு அடியுங்கள். முழுதும் பிரிந்துவிட்டால் வேறு சட்டியில் ஒரு மேசைக்கரண்டி கிரீமைச் சூடாக்கி, பிரிந்த சாஸைச் சிறிது சிறிதாக ஊற்றி அடித்தால் மீண்டும் சேரும். முதலிலேயே அந்தக் கிரீமைச் சேர்ப்பவர்களை நாந்த்காரர்கள் முறைப்பார்கள், ஆனால் சாஸ் பத்திரமாக இருக்கும். பரிமாறத் தாமதமானால் வெந்நீரில் அலசிய பிளாஸ்க்கில் ஊற்றி வைக்கலாம், மறுபடி சூடாக்க முடியாது.

கிரீம் என்றதும் ஒரு எச்சரிக்கை. 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் ஒயினோடு கொதித்தாலும் திரியாது. பால் திரியும், தயிர் திரியும். எதுவானாலும் ஒயின் வற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாக. சிப்பிக்கு ஒரு கிலோவுக்கு 150 மி.லி. வெள்ளை ஒயின், மூடி போட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம், திறந்ததும் இறக்கிவிட வேண்டும். சிப்பியின் நீரே உப்பு, வேறு உப்பு வேண்டாம். இத்தாலியக் குழைசோறான ரிசொட்டோவுக்கு 300 கிராம் அரிசியை வெண்ணெயில் வறுத்தபின் 100 மி.லி., ஆவி மூக்கைக் குத்துவது நிற்கும்வரை கிளறிய பிறகே சாறு. கறி வறுத்த வாணலியில் ஒயின் ஊற்றிச் சாஸ் செய்யும்போது வாணலியைத் தீயிலிருந்து நகர்த்திவிட்டு ஊற்றுங்கள். எரியும் கேஸ் அடுப்பில் ஆல்கஹால் ஆவி குப்பென்று பற்றும்.

கோப்பையிலும் இதே நால்வர்தான்: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால். எந்தத் திராட்சை என்று குழம்பாமல் இந்த நான்கையும் தட்டில் உள்ளதோடு பொருத்திப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தட்டில் உள்ளதைவிட ஒயின் புளிப்புக் குறைவாக இருக்கக் கூடாது. இருந்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும். தக்காளி சாஸுக்கு இத்தாலியில் சாஞ்சியோவேசே திராட்சையின் கியாந்தி பொருந்துவது அதன் புளிப்பால்தான். லுவார் பள்ளத்தாக்கில் ஷாவிஞோல் ஊரின் ஆட்டுப்பால் சீஸுக்கும் அதே மண்ணின் சான்செர் ஒயினுக்கும் உள்ள பொருத்தத்திலும் புளிப்போடு புளிப்பு சேர்கிறது. ஒரே ஊரில் விளைந்தவை பொருந்தும் என்று இதைச் சட்டமாக்கிவிடுகிறார்கள். பர்கண்டியிலேயே எப்வாஸ் என்ற நெடி வீசும் சீஸோடு அவ்வூர்ச் சிவப்பு ஒயினைக் குடித்துப் பார்த்தால் சட்டம் உடைந்துவிடும். சீஸ் ஜெயிக்கும், ஒயின் கசக்கும், வெள்ளை ஒயின்தான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

இனிப்புக்கும் இதே கதை. தட்டு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகிவிடும். லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை உள்ள பிரூட் ஷாம்பெயினைக் கேக்கோடு கொடுக்கும் கல்யாண வரவேற்புகளில் கோப்பைகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் இது. அதே ஷாம்பெயின், உப்பும் எண்ணெயும் உள்ள வறுவலோடு அற்புதம். உப்பு, புளிப்பையும் துவர்ப்பையும் மட்டுப்படுத்தும், குமிழிகள் எண்ணெய்ப் பிசுக்கை வழித்துவிடும். உளுந்த வடையும் அதற்கு ஈடுகொடுக்கும், சாம்பாரில் முக்காமல் இருந்தால்.

துவர்ப்புக்குக் கொழுப்பும் புரதமும் உப்பும் வேண்டும், அதனால் வாட்டிய ஆட்டுக்கறியும் கபர்னேவும். மீனுக்குச் சிவப்பு ஆகாது என்பதை வெறும் பழக்கம் என்று பலர் ஒதுக்குவார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியது வேறு: சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு கடல் மீனின் கொழுப்போடு சேர்ந்து அந்தக் கவிச்சை எழுப்புகிறது. இரும்பு குறைந்த சிவப்பு ஒயின் மீனோடு தொல்லை தருவதில்லை, ஆனால் லேபிளில் இரும்பின் அளவு எழுதியிருக்காதே.

நம் சாப்பாட்டோடு என்றால் முதல் தடை காரம். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிதான் சூட்டையும் உணர்கிறது. ஆல்கஹால் அந்த ஏற்பி விழித்துக்கொள்ளும் வெப்ப அளவை 42 டிகிரியிலிருந்து 34 வரை இறக்கிவிடுகிறது. உடம்புச் சூடே சுடுவதாகத் தெரியும். 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸ் சிவப்பு ஒயினும் செட்டிநாட்டுக் கோழியும் சேர்ந்தால் வாய் எரிவது இதனால்தான். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் கபினெட், பெரும்பாலும் 8 முதல் 9 சதவீத ஆல்கஹாலும் இலேசான இனிப்பும் நல்ல புளிப்பும் கொண்டது, காரத்துக்கு அதைவிட நல்ல துணை குறைவு. கிடைக்காத இடத்தில் நாசிக்கின் செனின் பிளாங்க், இலேசான இனிப்புள்ளதாகப் பார்த்து, நன்கு குளிரவைத்து.

ஷிராஸின் மிளகு வாசம் கற்பனையல்ல. ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் அதிலும் நம் கருமிளகிலும் இருக்கிறது. ஆகவே மிளகாய் போடாத, மிளகு தூக்கலான ஆட்டுக்கறிச் சுக்காவோடு அதை முயலலாம், மிளகு இடித்துப் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. ரசம், வத்தக்குழம்பு, புளிக்குழம்பு பக்கம் எந்த ஒயினும் வராமல் இருப்பது நல்லது. அவற்றின் புளிப்பு எந்த ஒயினையும் அமுக்கிவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் வறுவலோடு குடித்துவிட்டு, சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொள்ளலாம்.

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாறு என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்கான வாக்கியம், அங்கே அதன் பொருள் 16 முதல் 18 டிகிரி. சென்னையின் 32 டிகிரியில் ஆல்கஹால் நெடி மட்டுமே எழும். ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரமாவது வைத்து எடுங்கள். வெள்ளைக்கு 8 முதல் 10. சிவப்பை அந்த அளவுக்குக் குளிரவைத்தால் துவர்ப்பு கடுத்துவிடும்.

திறந்த புட்டியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் குடிக்க மூன்று நான்கு நாள், சமையலுக்கு இன்னும் ஒரு வாரம். அதற்குமேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். ஒரு கட்டியில் ஏறத்தாழ 30 மி.லி. நிற்கும், வாணலி சாஸுக்கு நான்கு கட்டி. வீட்டில் யாரும் ஒயின் குடிப்பதில்லை, எப்போதாவது சமைக்க மட்டும் வேண்டும் என்றால் மூலிகை சேர்த்த ஒயினான டிரை வெர்மூத் வாங்குவது புத்திசாலித்தனம். செறிவூட்டியது என்பதால் திறந்தபின் ஃபிரிட்ஜில் இரண்டு மாதமாவது கெடாது. மூலிகை வாசம் அதிகம், ஆகவே ஒயின் கேட்கும் இடத்தில் முக்கால் பங்கு வெர்மூத், மீதி தண்ணீர்.